எங்கே போறீங்க

எங்கள் வீட்டுப் பின்னறை ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்தது. அம்மாவின் இஸ்திரிப் பலகையும், அப்பா ஆசைப்பட்டு வாங்கி ஒரே ஒரு தடவை மிதித்த உடற்பயிற்சி சைக்கிளும்தான் அதில் குடியிருந்தன. சரவாக்கிலிருந்து எங்கள் ஊரான சாஆவுக்கு மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார் அந்த அறையைக் கேட்டு வந்தார். இடைநிலைப்பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுப்பவர், இபான் பழங்குடியைச் சேர்ந்தவர். கிட்டத்தட்ட என் வயதுதான். ஆற்றோரத்தில் ஒரே நீளமான கூரைக்குக் கீழே பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். தமிழர் வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் காலும் வலது காலாக இருந்தது. அம்மாவுக்கு அதுவே போதும். "வளத்தவங்க நல்லா வளத்திருக்காங்க" என்று சொல்லி அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டார். இடது செருப்பின் வார் அறுந்து சிக்கிக்கொண்டதால்தான் வலது கால் முந்திக்கொண்டது என்பதை வாசலில் நின்ற நான் பார்த்தேன். சொல்லவில்லை.

வாத்தியார் அமைதியானவர். மரியாதை தெரிந்தவர். ஒரு வீட்டில் தங்கினால் அந்த வீட்டு மொழியில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் நாட்டில் மலாயில் யார் யாரைப் பார்த்தாலும் "பெர்கி மானா?" என்று கேட்பதுதான் நலம் விசாரிப்பு. அதற்குப் பதில்கூடத் தேவையில்லை. மோவாயை எந்தப் பக்கமாவது நீட்டினால் போதும். வாத்தியார் தன் வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் அதற்குத் தமிழ் கேட்டிருக்கிறார். அவர்களும் சரியாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை. அப்பா செம்பனை ஆலையில் லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை செய்கிறார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கேட்டைத் திறந்தார். தன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த வாத்தியார் துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தம் கொடுத்துக் கேட்டார்.

"எங்கே போறீங்க, அங்கிள்?"

அப்பா அப்படியே நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் உருப்படாது. எங்கள் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது சொல்லித் தருகிறார்களா?

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஹெல்மெட்டோடு சோபாவில் உட்கார்ந்தார். அம்மா ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கி இரண்டு வாய் குடித்துவிட்டு, அப்பா மறுபடி கிளம்பினார்.

வாத்தியாரைப் பொறுத்தவரை இது வேறொரு புறப்பாடு. "எங்கே போறீங்க, அங்கிள்?"

அப்பா மறுபடி உள்ளே வந்தார். மறுபடி சோபா. மறுபடி தண்ணீர். கடைசியில் அம்மாதான், "தம்பி, இந்தக் கேஸ் தோங்க கொஞ்சம் நகத்திக் குடுங்க" என்று சிலிண்டரைக் காரணம் காட்டி வாத்தியாரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அந்தச் சந்தில் அப்பா மோட்டார் சைக்கிளை எஞ்சின் போடாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். சொந்த வீட்டில் திருடிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

"அவர்கிட்ட சொல்லிடலாமே" என்றேன் சாயங்காலம்.

"பாவம்லா, ஆசையா தமிழ் பேசுறாரு" என்றார் அப்பா. "கேக்காதீங்கன்னு சொன்னா மூஞ்சி சுருங்கிடும்."

"சொன்னா ஏன்னு கேப்பாரு" என்றார் அம்மா. "ஏன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் தம்பிக்குப் போன் போட்டோம். பண்டார் தெங்காராவில் இருக்கும் இந்த மாமாதான் எங்கள் குடும்பத்தில் சாங்கிய சம்பிரதாயங்களுக்கு உச்ச நீதிமன்றம். தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"மலாய்க்காரங்க டெய்லி நம்மள பெர்கி மானான்னு கேக்குறாங்க, நாம திரும்பியா வர்றோம்?" என்றார் மாமா. "மலாய்ல கேட்டா ஒட்டாது. தமிழ்ல கேட்டாத்தான் ஒட்டும்."

"அது ஏன் மாமா?"

"மொழி வேறல்லா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்பா இதைப் பிடித்துக்கொண்டார். காலையில் மலாய், சாயங்காலம் தமிழ் என்று வைத்துக்கொள்ளலாமா என்று வாத்தியாரிடம் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார். காலையில்தான் மனம் தெளிவாக இருக்கும், மொழி படிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது என்று வாத்தியார் விளக்கம் சொன்னார். அதோடு அந்த முயற்சி முடிந்தது. திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக நேரம் வேண்டும் என்று அப்பா பத்து நிமிடம் முன்னால் எழுந்திருக்கத் தொடங்கினார்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் காலை வாத்தியார் பள்ளிக்குக் கிளம்பினார். கேட்டைத் திறந்தவர் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார். ஹெல்மெட்டோடு சோபாவில் உட்கார்ந்து அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். கண்ணாடியைத் தூக்கி இரண்டு வாய் குடித்துவிட்டுப் போனார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் நான் காரணம் கேட்டேன்.

"உங்கள் அப்பா தினமும் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்" என்றார் மலாயில். "வீட்டை விட்டு ஒரேயடியாகப் போய்விடாமல், போவது போலப் போய்த் திரும்பி வந்து, வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்புறம் போவது. எவ்வளவு நல்ல பழக்கம். என் அம்மாவிடம் போனில் சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் சிலர் படகில் ஏறுவதற்கு முன்னால் அப்படித்தான் செய்கிறார்களாம்."

அதற்குப் பிறகு எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கேயோ ஒரு ஆற்றங்கரையில் என் அப்பாவின் பெயர் தெரியாத மனிதர்கள், என் அப்பாவைப் போல ஒரு தடவை திரும்பி வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கற்றுக்கொண்டது அவர் மட்டும் இல்லை. அம்மா எது கொடுத்தாலும், வேண்டாம் என்றால் வாத்தியார் வாயால் மட்டும் சொல்லமாட்டார். கையை நீட்டி, விரல் நுனியால் அந்தப் பண்டத்தை ஒரு தொடு தொட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்பார். தோசையைத் தொடுவார். போண்டாவைத் தொடுவார். முதல் நாள் அம்மா என்னிடம் முணுமுணுத்தார்: "என்னடா இது, சூடு பாக்குறாரா? வெந்துருச்சான்னு பாக்குறாரா?" பிறகு வாத்தியாரே சொன்னார். அவர் ஊரில், கொடுத்த சாப்பாட்டை மறுத்துவிட்டு அப்படியே கிளம்பினால் வழியில் பாம்போ முதலையோ விபத்தோ வந்து சேரும். தொட்டுவிட்டால் சாப்பிட்ட கணக்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. பூனை, தும்மல், ஒற்றை விறகு என்று வழிப்பயணத்துக்கு ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தவர் இதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அப்பாவும் தோசையைத் தொடாமல் வாசல் தாண்ட முடியவில்லை. மாமாவிடம் சொன்னபோது, அது ஆதியில் நம்முடைய வழக்கம்தான், நாம் மறந்துவிட்டோம், அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று தீர்ப்பு வந்தது.

இந்த நிலைமையில்தான் எனக்குக் காஹாங்கில் ஒரு பெண் பார்க்க ஏற்பாடானது.

நான், அப்பா, அம்மா, மாமா. நாலு பேர் போவதாக இருந்தது. சனிக்கிழமை மாமாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. மிச்சம் மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது. அம்மா நேராகப் பின்னறைக் கதவைத் தட்டினார்.

"தம்பி, நாளைக்கு ஒரு வேலையா வெளிய போறோம். நீங்களும் வரணும். நல்ல சட்டையா போட்டுக்குங்க."

அவ்வளவுதான் சொன்னார். முடிவாகும் வரைக்கும் விஷயம் வெளியே போகக்கூடாது என்பதில் அம்மா ரொம்பக் கண்டிப்பு. வாத்தியாரும் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும், அதற்குள் கிளம்பிவிட வேண்டும். தட்டில் பழம், வெற்றிலை, பூ எல்லாம் அடுக்கி, அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார். அப்பா ரிவர்ஸ் எடுத்தார். எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சீன ஆண்ட்டி கையை ஆட்டினார். எத்தனையோ வருடமாக எங்களிடம் மலாய் மட்டுமே பேசிவந்தவர், முகமெல்லாம் சிரிப்பாகக் கூவினார்.

"எங்கே போறீங்க?"

கார் நின்றது.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றார் வாத்தியார் பின்சீட்டிலிருந்து, பெருமையாக.

அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். தட்டோடு, பூவோடு, எல்லாரும் உள்ளே போனோம். நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"நல்ல காரியத்துக்குக் கிளம்புறப்ப எங்கேன்னு கேட்டா வெளங்குமா? வீட்டுல ஒருத்தர் கேட்டது பத்தாதுன்னு இப்ப ஊருக்கே கிளாஸ் எடுத்தாச்சு!"

வாத்தியார் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மலாயில் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"அப்படியென்றால் அங்கிள் தினமும் காலையில் திரும்பி வந்தது..."

"சேச்சே, இல்ல சார்" என்றார் அப்பா அவசரமாக. "எனக்கு நெஜமாவே தாகம்."

வெளியே எட்டிப் பார்த்தேன். ஆண்ட்டி இன்னும் அங்கேயேதான் நின்றார். மறுபடி கேட்பதற்குத் தயாராக, ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் திடீரென்று எழுந்தார். எங்களை முந்திக்கொண்டு கேட் வரைக்கும் ஓடி, ஆண்ட்டி வாய் திறப்பதற்குள் கத்தினார்.

"எங்கே போறீங்க, ஆண்ட்டி?"

ஆண்ட்டி எங்கேயும் போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டைத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தக் கேள்விக்குத் தமிழர்கள் என்ன செய்வார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். குழாயை மூடினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஜன்னல் வழியாக அவர் நாற்காலியில் உட்கார்ந்து கிளாஸைத் தூக்குவது தெரிந்தது. அந்த நேரத்தில் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

காஹாங் போய்ச் சேரும் வரைக்கும் வாத்தியார் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கே போகிறோம் என்று கேட்பது எவ்வளவு பெரிய பாவம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டவர், அதைக் கேட்பாரா? இரண்டு பக்கமும் செம்பனை மரங்களைப் பார்த்தபடி கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதற்குப் போகிறோம் என்று அவரிடம் இன்னும் சொல்லவே இல்லை என்பது எங்களுக்கும் தோன்றவில்லை.

பெண்ணின் அப்பா பள்ளி பஸ் ஓட்டுபவர். வாட்டசாட்டமான ஆள். வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். நடுக்கூடத்தில் உட்கார்ந்தோம். பேச்சு தொடங்கியது.

"வீடு வாங்கி எத்தன வருஷமாச்சு?" என்று கேட்டார் அப்பா.

"ஆச்சு, ரொம்ப வருஷம். பேங்குக் கடனெல்லாம் கட்டி முடிச்சாச்சு."

"தண்ணி தொல்லை ஏதும் இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. முன்னாடி லேசா மழைக்கு நிக்கும். இப்ப காவாய் வெட்டிட்டாங்க."

"பக்கத்துல யாரு?"

"எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

பெண் பார்க்கப் போகிற இடத்தில் பெண்ணைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம் இல்லை. இதற்கு முன் நான் அதைக் கவனித்ததும் இல்லை. வாத்தியாருக்கு வீடு, தண்ணி, கடன் என்ற வார்த்தைகள் புரிந்தன. மற்றதை அவரே கூட்டிப் பார்த்துக்கொண்டார். நாங்கள் வீடு வாங்க வந்திருக்கிறோம். உடனே சுறுசுறுப்பாகிவிட்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் கொக்கியைப் போட்டு எடுத்தார். தலையை நிமிர்த்திக் கூரையின் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். பெண்ணின் அப்பா பேச்சுக்கு நடுவே அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெண் காபி கொண்டு வந்தாள். பின்னாலேயே கேசரி, வடை, முறுக்கு, வாழைப்பழம். அவளை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். காரிலேயே அம்மா எச்சரித்திருந்தார்: பேசி முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக்கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் நாங்கள் மூவரும் வேண்டாம், இருக்கட்டும், அப்புறம் என்றோம். வாத்தியாரும் எங்களைப் பார்த்து வேண்டாம் என்றார். சொல்லிவிட்டுக் கையை நீட்டிக் கேசரியைத் தொட்டார். வடையைத் தொட்டார். முறுக்கைத் தொட்டார். வாழைப்பழத்தை, தோலோடுதான், தொட்டார். பிறகு அப்பா பக்கம் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு கூடம் முழுக்கக் கேட்கும்படி மலாயில் சொன்னார்.

"அங்கிள், அந்த மூலையில் கூரை ஒழுகுகிறது. விலையைக் குறைத்துக் கேளுங்கள்."

பெண்ணின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "விலையா? என்ன விலை? எம் பொண்ணுக்கு வெல பேசவா வந்தீங்க?"

"அலமாக், அண்ணே, அப்படி இல்ல" என்று அப்பாவும் எழுந்தார். "இவரு எங்க சொந்தமே இல்ல. எங்க வீட்டுல வாடகைக்கு இருக்குறவரு."

"பொண்ணு பாக்க வாடகைக்காரர எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"மூணு பேரா வரக்கூடாதேன்னு..."

பெண்ணின் அப்பா சட்டென்று அடங்கினார். "ஆமா, அது சரிதான்" என்று உட்கார்ந்தார். இந்தக் காரணத்தை மட்டும் அவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் உடனே இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது. "அப்ப அவரும் உங்க கணக்குல ஒருத்தரு. அவரு கை நனைச்சிட்டாரே?"

"நனைக்கல அண்ணே, தொட்டாரு."

"கேசரில நெய்யி. வெரல் நனையாம இருக்குமா?"

இரண்டு பேரும் வாத்தியாரின் விரல்களைப் பார்த்தார்கள். அவை மினுமினுத்தன. வேறு போக்கில்லாமல் அப்பா மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மாமா விஷயத்தைக் கேட்டார். பிறகு, "எந்த விரலு?" என்றார். "ஆள்காட்டி விரல்னா சும்மா. மோதிர விரல்னா சம்மதம்."

நான் வாத்தியாரிடம் மலாயில் கேட்டேன். அவர் ஒளிவு மறைவில்லாமல் கையை விரித்துக் காட்டினார். "ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல். ருசி ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதல்லவா?"

இதை நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். எனக்குத் தெரிந்து மாமாவுக்குப் பதில் இல்லாமல் போனது அந்த ஒரு தடவைதான். "முட்டி வலிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்போது திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. ரொம்ப நேரமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது, நிறுத்த முடியாமல் விக்கலாக மாறியது. பெண்ணின் அப்பா, "என்னம்மா அங்க?" என்று அதட்டினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஒண்ணுமில்லப்பா. வட ஆறிப்போச்சு. சாப்புடச் சொல்லுங்க."

எனக்குக் காலையிலிருந்து தண்ணீரைத் தவிர வேறொன்றும் வயிற்றில் இல்லை. அவள் சிரித்த விதமும் எனக்குப் பிடித்திருந்தது. எது முதலில் என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது. வடையை எடுத்துக் கடித்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினார். பெண்ணின் அப்பா வடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவள் தட்டிலிருந்து இன்னொரு வடையை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"சரி, பேசி முடிச்சிடலாம்" என்றார்.

திரும்பி வரும் வழியில் யோங் பெங் தாண்டியதும், இனிக் கேட்டால் தோஷமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, வாத்தியார் என் தோளைத் தொட்டு வாழ்த்துச் சொன்னார். "எப்போது குடி போகிறீர்கள்?"

"நான் போகவில்லை. அந்தப் பெண்தான் நம் வீட்டுக்கு வருவாள்" என்றேன்.

"எந்தப் பெண்?" என்றார்.

அப்பா காரை ஓரம் கட்டிவிட்டார். எல்லாவற்றையும் மலாயில் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் பிடித்தது. வாத்தியார் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். கல்யாணம் பேச வந்த வீட்டில் கூரையைக் குறை சொன்னதற்கு அவர் ஊரில் பன்றி வெட்டி அபராதம் கட்ட வேண்டியிருக்குமாம். பன்றிக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று கேட்டார். அப்பா ஒன்றும் வேண்டாம் என்றார். வாத்தியார் விடவில்லை.

மறுவாரம் பெரிய மழை. காஹாங்கிலிருந்து போன் வந்தது. அந்த மூலை உண்மையாகவே ஒழுகத் தொடங்கியிருந்தது. பெண்ணின் அப்பா அதைக் கோபமாகத்தான் சொன்னார், வாத்தியார் பார்த்ததால்தான் ஒழுகுகிறது என்கிற மாதிரி. வாத்தியார் அடுத்த ஞாயிறு காஹாங் கிளம்ப ஏணியும் சிமெண்டுமாக நின்றார். துணைக்கு நான் போனேன்.

நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தனியாகப் பெண் வீட்டுப் பக்கம் வருவது அங்கே பழக்கமில்லை. கூரைமேல் நான் ஓடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, யார் அது என்று கேட்டது காதில் விழுந்தது.

"கூர வேலைக்காரங்க" என்றார் என் வருங்கால மாமனார், கண்ணை இமைக்காமல்.

"ஆளு நல்ல வேலைக்காரரா?"

"பரவால்ல."

அவள் ஏணியின் கீழே நின்று சிமெண்டு வாளியை மேலே நீட்டிக்கொண்டிருந்தாள். வாயை இறுக்கி மூடியிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. வாளி ஆடி என் காற்சட்டை எல்லாம் சிமெண்டு. "பிடிங்க, பிடிங்க" என்றாள் மெதுவாக. அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தம்பி" என்று பக்கத்து வீட்டம்மா என்னை அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டார். "அப்படியே நம்ம வீட்டு அடுப்படி மேலயும் ஒரு எட்டு பாத்துட்டுப் போறீங்களா? ஒரு வருஷமா ஒழுகுது."

மாமனாரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். வாத்தியார் ஏற்கெனவே மிச்ச சிமெண்டைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டிவிட்டிருந்தார். நானும் சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.